தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறோம்: டர்பனின் டெண்டர் பணமும் கட்சி சாராத அதிகாரிகளும்

2018 மே மாதம், டர்பனை நிர்வகிக்கிற எதெக்வினி மாநகராட்சியின் கணக்கைப் பார்க்க வந்திருந்த தணிக்கைக் குழுவை, கொலை மிரட்டல் வந்த காரணத்தால், தலைமைத் தணிக்கையாளர் அலுவலகம் திரும்ப அழைத்துக்கொண்டது. நம்ம டர்பனில், நாம் வரி கட்டுகிற மாநகராட்சியில் நடந்த விஷயம் இது. அவர்கள் கேட்டது டெண்டர் ஃபைல்களையும் பில்களையும்தான். அதைக் கேட்டதற்கே உயிருக்குப் பயந்து வெளியேற வேண்டியிருந்தது என்றால் பின்னால் எவ்வளவு பணம் புரண்டிருக்கும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் எனக்கு இதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. அவர்களை மிரட்டத்தான் முடிந்தது, வேறு ஊருக்கு மாற்றவோ வேலையை விட்டுத் தூக்கவோ மாநகராட்சியில் யாராலும் முடியவில்லை. மேயருக்கும் அந்த அதிகாரம் இல்லை, ஆளுங்கட்சிக்கும் இல்லை. அதே மாநகராட்சியில் அந்த டெண்டர்களுக்குக் கையெழுத்துப் போடுகிற அதிகாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. இந்த வித்தியாசம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் தணிக்கையாளருக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். நம் தென்னாப்பிரிக்க அரசியலமைப்புச் சட்டத்தின் 9-ஆம் அத்தியாயம் சில பதவிகளை அரசாங்கத்துக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது. தலைமைத் தணிக்கையாளரும், பப்ளிக் ப்ரொடெக்டர் என்று நாம் சொல்கிற மக்கள் பாதுகாவலரும் அதில் வருகிறார்கள். நாடாளுமன்றக் குழு பெயரைப் பரிந்துரைக்க வேண்டும், 400 பேர் கொண்ட தேசிய சபையில் 60 சதவீதம் பேர் ஆதரித்து ஓட்டுப் போட வேண்டும், அப்புறம்தான் ஜனாதிபதி நியமிக்கலாம். தணிக்கையாளருக்கு ஐந்து முதல் பத்து வருடத்துக்குள் ஒரே ஒரு பதவிக்காலம், மக்கள் பாதுகாவலருக்கு ஏழு வருடம். இரண்டுமே புதுப்பிக்க முடியாதவை. "அடுத்த தடவையும் நம்மைப் போடுவார்களா" என்று யார் முகத்தையும் பார்க்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. பதவியை விட்டு இறக்க வேண்டுமென்றால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். இப்போதைய தலைமைத் தணிக்கையாளர் சாகானி மலுலேகே 2020 டிசம்பரில் ஏழு வருடத்துக்கு வந்தவர், அந்தப் பதவியில் முதல் பெண்.

2019 ஏப்ரல் 1 முதல் தணிக்கையாளருக்கு இன்னொரு ஆயுதமும் கிடைத்தது. அதுவரை அறிக்கை எழுதி வைப்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. புதிய திருத்தத்துக்குப் பிறகு, பெரிய நஷ்டத்துக்குக் காரணமான முறைகேட்டைக் கண்டால் சரிசெய்யச் சொல்லி உத்தரவிடலாம். அதையும் கேட்காவிட்டால், கடைசிப் படியாக, பொறுப்பான தலைமை அதிகாரி தன் சொந்தப் பணத்தில் அந்த நஷ்டத்தைக் கட்ட வேண்டும் என்று கடன் சான்றிதழே கொடுக்கலாம். நல்ல சட்டம். ஆனாலும் 2023-24 நிதியாண்டில் நாட்டின் 257 முனிசிபாலிட்டிகளில் அப்பழுக்கில்லாத தணிக்கை அறிக்கை வாங்கியவை 41 மட்டுமே. இவ்வளவு பலம் கொடுத்தும் ஏன் இந்த நிலைமை என்று கேட்டால், தணிக்கையாளர் வருவது பணம் போன பிறகு என்பதுதான் என் பதில்.

பொதுப்பணித் துறையைப் பற்றிப் பேசினால் நகண்ட்லாவைத் தாண்டிப் போக முடியாது. அன்றைய ஜனாதிபதி ஜேக்கப் ஜூமாவின் கிராமத்து வீட்டுக்குப் "பாதுகாப்பு வேலை" என்ற பெயரில் சுமார் 24 கோடி 60 லட்சம் ராண்ட் செலவு காட்டப்பட்டது. நீச்சல் குளத்துக்குத் தீயணைப்புக் குளம் என்று பெயர் வைத்தார்கள், மாட்டுப் பட்டியும் கோழிக்கூடும் பாதுகாப்புக் கணக்கில் வந்தன. மக்கள் பாதுகாவலர் துலி மடொன்செலா 2014 மார்ச்சில் அறிக்கை கொடுத்தார். அரசாங்கம் அதை அலட்சியம் செய்தது. 2016 மார்ச் 31 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம், மக்கள் பாதுகாவலரின் தீர்வு உத்தரவு கட்டாயம் நிறைவேற்ற வேண்டியது, பிடித்தால் எடுத்துக்கொள்ளும் ஆலோசனை அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. ஜூமா கடைசியில் 78 லட்சம் ராண்ட் திருப்பிக் கட்டினார். கட்டிய தொகையைச் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த வேலையைப் பார்த்தது பொதுப்பணித் துறையின் டர்பன் வட்டார அலுவலகம், ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவர்களும் அங்கிருந்த அதிகாரிகள்தான். ஜனாதிபதியின் வீட்டு ஃபைல் மேசைக்கு வரும்போது, "இது பாதுகாப்புச் செலவு இல்லை, நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுநாளும் வேலைக்கு வரக்கூடிய நிலைமையில் அங்கே யாராவது ஒருவர் இருந்திருந்தால் மடொன்செலாவுக்கு விசாரிக்க அவ்வளவு வேலை இருந்திருக்காது.

சரி, சட்டத்தில் 60 சதவீதம் என்று எழுதிவிட்டால் கட்சி சாராதவர் வந்துவிடுவாரா? வரமாட்டார், அதையும் நேராகச் சொல்ல வேண்டும். மடொன்செலாவுக்குப் பிறகு 2016-ல் வந்த புசிசிவே ம்க்வெபானே அதே சட்டப் பிரிவின் கீழ், அதே முறையில் வந்தவர். அவருடைய பல அறிக்கைகளை நீதிமன்றங்கள் ரத்து செய்தன, கடைசியில் 2023 செப்டம்பர் 11 அன்று 318 உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். இங்கே கணக்கைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 400-ல் 60 சதவீதம் என்றால் 240. அப்போது ஆண்ட ஏ.என்.சி. (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) கட்சிக்கு 2009-ல் 264 இடம், 2014-ல் 249. அதாவது அந்தப் பத்து வருடமும் வேறு யாருடைய ஓட்டும் இல்லாமல் ஒரே கட்சியால் இந்தப் பதவிகளை நிரப்பிக்கொள்ள முடிந்தது. எல்லாக் கட்சியும் ஒத்துக்கொள்கிற ஆள் வேண்டும் என்பதற்காக வைத்த வேலி, ஒரு கட்சி தானே வேலியைவிட உயரமாக வளர்ந்துவிட்டால் நிற்காது. 2019-ல் அவர்களுக்கு 230, 2024-ல் 159. இப்போதுதான் அந்த 60 சதவீத விதிக்கு உண்மையான அர்த்தம் வந்திருக்கிறது. எந்தக் கட்சியும் அடுத்த கட்சியைக் கேட்காமல் ஆளைப் போட முடியாது. மக்கள் ஓட்டைப் பிரித்துப் போட்டதால் நாடு கெட்டுப்போச்சு என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை யோசித்துப் பார்க்கலாம்.

9-ஆம் அத்தியாயத்துக்கு வெளியே இருக்கிற அமைப்புகள் இன்னும் பலவீனமானவை. எஸ்.ஐ.யூ. என்ற சிறப்பு விசாரணைப் பிரிவு 1996-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. பறிபோன பணத்தை மீட்பதில் திறமையான பிரிவு. ஆனால் ஜனாதிபதி பிரகடனம் போட்டால்தான் ஒரு விஷயத்தை விசாரிக்கவே ஆரம்பிக்க முடியும். ஸ்கார்பியன்ஸ் என்ற ஊழல் விசாரணைப் படையின் கதை அதைவிட மோசம். பெரிய இடங்களைத் தொட்ட அந்தப் பிரிவை நாடாளுமன்றமே கலைத்தது. ஹியூ கிளெனிஸ்டர் என்ற தொழிலதிபர் தனி ஆளாக வழக்குப் போட்டு, 2011 மார்ச்சில், ஊழலை விசாரிக்கப் போதுமான சுதந்திரம் உள்ள அமைப்பை வைத்திருப்பது அரசின் கடமை என்று தீர்ப்பு வாங்கினார். அந்தத் தீர்ப்பு வந்து இத்தனை வருடம் ஆகியும், 2025 ஆகஸ்டில் தேசிய ஊழல் தடுப்பு ஆலோசனைக் குழு, நிரந்தரமான, தனித்து நிற்கிற ஒரு பொது நேர்மை அலுவலகம் வேண்டும் என்று ஜனாதிபதியிடம் மறுபடியும் பரிந்துரை கொடுக்க வேண்டியிருந்தது.

இப்போது கையெழுத்துப் போடுகிற பக்கத்துக்கு வருவோம். முனிசிபாலிட்டியில் ஒரு பெரிய டெண்டர் மூன்று குழுக்களைத் தாண்ட வேண்டும். என்ன வேண்டும் என்று எழுதுகிற குழு, வந்த விலைகளை மதிப்பிடுகிற குழு, முடிவு செய்கிற குழு. 2003-ஆம் வருட முனிசிபல் நிதி மேலாண்மைச் சட்டத்தின் 117-ஆவது பிரிவு, எந்தக் கவுன்சிலரும் இந்தக் குழுக்களில் உறுப்பினராக இருக்கக்கூடாது, பார்வையாளராகக்கூட உள்ளே உட்காரக்கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அரசியல்வாதியைக் கதவுக்கு வெளியே நிறுத்துகிற அருமையான விதி. ஆனால் உள்ளே உட்கார்ந்திருக்கிற அதிகாரிகளை நியமிக்கிற நகர மேலாளரை, அதாவது மாநகராட்சியின் நிர்வாகத் தலைவரை, யார் நியமிக்கிறார்கள்? அதே கவுன்சில். அவருக்கு அதிகபட்சம் ஐந்து வருட ஒப்பந்தம், அதுவும் தேர்தல் சுழற்சியோடு பிணைத்துக் கட்டியது. புதிய கவுன்சில் வந்த பிறகு ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மேல் அது நீள முடியாது. தணிக்கையாளருக்குப் புதுப்பிக்க முடியாத காலம் கொடுத்து யார் தயவும் வேண்டாம் என்று ஆக்கிய அதே நாடு, கோடிக்கணக்கில் செலவழிக்கிற அதிகாரியைப் புதுப்பிக்கக்கூடிய குறுகிய ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறது. தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்று நம் பெரியவர்கள் சொல்வது இதற்கு அப்படியே பொருந்தும்.

டர்பன் குப்பை ஒப்பந்த வழக்கு இதற்குக் கண்ணெதிரே இருக்கிற உதாரணம். 32 கோடி ராண்ட் அளவிலான அந்த வழக்கில் முன்னாள் மேயர் ஸாண்டிலே குமெடேயும் அன்றைய நகர மேலாளரும் குற்றம் சாட்டப்பட்டவர்கள். 2022-ல் டர்பன் உயர்நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. அவர்கள் குற்றத்தை மறுக்கிறார்கள், முடிவைச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: டெண்டரில் அரசியல் தலையைத் தடுக்க வேண்டும் என்று சட்டம் யாரை நம்பியதோ அந்த நிர்வாகத் தலையும் அரசியல் தலையோடு அதே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது.

கட்சிக்காரர்களை நிர்வாகத்தில் உட்கார வைக்கும் வழக்கம் ஏன் வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1994-ல் ஆட்சிக்கு வந்தவர்களிடம் இருந்தது நிறவெறி அரசாங்கத்தின் அதிகாரிகள் படை. மேல் பதவிகளில் ப்ரூடர்பொண்ட் என்ற ரகசியச் சங்கத்து ஆட்கள் நிறைந்திருந்தார்கள், சமரசப் பேச்சில் அவர்களுடைய வேலைக்கு உத்தரவாதமும் கொடுக்கப்பட்டிருந்தது. நம் ஆட்களை முக்கியமான இடங்களில் போடாவிட்டால் ஒன்றும் மாறாது என்று ஏ.என்.சி. நினைத்ததில் காரணம் இருந்தது. அந்தக் காலத்து "நடுநிலை அதிகாரி" என்பவர் யாருக்கு நடுநிலையாக இருந்தார் என்று நம் ஆட்களுக்கு நன்றாகவே தெரியும்.

நம் சமூகத்துக்குள்ளேயே இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1984-ல் முச்சபை நாடாளுமன்றம் வந்தபோது இந்தியர்களுக்கென்று ஒரு சபை கொடுத்தார்கள். வீட்டு வசதியும் பள்ளிக்கூடங்களும் அதன் கைக்கு வந்தன. டர்பனின் இந்தியர் பகுதிகளான சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வயதானவர்களைக் கேட்டால், பதவி உயர்வுக்கும் மனைக்கும் யாரைப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது என்று இன்றைக்கும் சொல்வார்கள். அந்தச் சபையின் அமைச்சரவைத் தலைவராக இருந்த அமிச்சந்த் ராஜ்பன்சி மீதான புகார்களை ஜேம்ஸ் ஆணையம் விசாரித்து, 1989-ல் அவருக்கு எதிராகக் கடுமையான முடிவுகளைச் சொன்னது. நிறமும் கட்சியும் மாறினாலும் கதை மாறுவதில்லை, நியமிக்கிற கையும் பணம் கொடுக்கிற கையும் ஒன்றாக இருக்கும்வரை.

நீதிபதி ஸோண்டோ தலைமையிலான ஆணையம் 2018 முதல் 2022 வரை, தனியார் லாபத்துக்காக அரசைக் கைப்பற்றிய கதையை விசாரித்துவிட்டு, கட்சிக் குழு உட்கார்ந்து அரசுப் பதவிகளுக்கு ஆள் பார்ப்பது அரசியலமைப்புக்கே முரணானது என்று சொன்னது. ஒரு கட்சியை ஆதரிக்கிறார் என்பதற்காக மட்டும் அரசு ஊழியருக்குச் சலுகையோ பாதிப்போ இருக்கக்கூடாது என்று 197-ஆவது பிரிவு சொல்வதை அது காரணம் காட்டியது. ஆனால் 2024 பிப்ரவரியில் இதே கொள்கையைச் சட்டவிரோதம் என்று அறிவிக்கச் சொல்லி அன்றைய எதிர்க்கட்சியான டி.ஏ. (ஜனநாயகக் கூட்டணி) போட்ட வழக்கை பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. நீதிமன்றத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது என்பது அதிலிருந்து தெரிகிறது.

இதற்கிடையே பலர் கவனிக்காத ஒரு மாற்றம் நடந்தது. 2022-ல் முனிசிபல் அமைப்புகள் சட்டத்தைத் திருத்தி, முனிசிபாலிட்டி ஊழியர் யாரும் ஒரு கட்சியில் பொறுப்பு வகிக்கக்கூடாது என்று கொண்டுவந்தார்கள். 2011-லேயே மேலதிகாரிகளுக்கு இப்படி ஒரு தடை இருந்தது. நாடாளுமன்ற நடைமுறை தவறு என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2017-ல் அந்தத் திருத்தச் சட்டத்தை ரத்து செய்தது. திரும்பக் கொண்டுவந்தபோது எல்லா ஊழியர்களுக்கும் விரித்துவிட்டார்கள். கட்சியில் உறுப்பினராக இருக்கலாம், ஓட்டுப் போடலாம், கிளைச் செயலாளராக மட்டும் இருக்க முடியாது. எனக்கு இது சரியான கோடு என்றே தோன்றுகிறது. கட்சி சாராதவர் என்றால் மனதில் கட்சியே இல்லாத மனிதரைத் தேடுவது அல்ல, அப்படி ஒருவர் கிடைக்கவும் மாட்டார். பகலில் டெண்டர் பார்க்கிறவர் மாலையில் அந்த டெண்டரால் லாபம் அடைகிறவர்களுக்குத் தலைவராக உட்காரக்கூடாது, அவ்வளவுதான்.

செலவுக்கு மட்டும் இல்லை, கட்டுப்பாட்டு விதிகளுக்கும் இதே நோய்தான். டர்பனுக்கு வடக்கே இருக்கிற டொங்காட்காரர்களுக்கு 2013 நவம்பர் 19 மறந்திருக்காது. கட்டிக்கொண்டிருந்த மால் இடிந்து விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள், பலர் காயப்பட்டார்கள். வரைபடத்துக்கு அனுமதி இல்லாமல் எழும்பிய கட்டடம் அது. மாநகராட்சி நீதிமன்றம் போய், வேலையை நிறுத்த உத்தரவே வாங்கியிருந்தது, இடிந்ததற்குச் சில நாள் முன்பு. அதற்குப் பிறகும் வேலை நடந்தது. 1977-ஆம் வருடக் கட்டட விதிச் சட்டப்படி ஒவ்வொரு முனிசிபாலிட்டியும் ஒரு கட்டடக் கட்டுப்பாட்டு அதிகாரியை வைத்திருக்க வேண்டும். அவர் நோட்டீஸ் எழுதலாம், ஃபைல் அனுப்பலாம். வாசலில் போய் நின்று கான்கிரீட் லாரியைத் திருப்பி அனுப்புகிற பலம் அவருக்குப் பின்னால் இல்லை.

2024 மே 6 அன்று மேற்குக் கேப்பின் ஜார்ஜ் நகரில் ஐந்து மாடிக் கட்டடம் சரிந்தபோது 62 தொழிலாளர்கள் இடத்தில் இருந்தார்கள், 34 பேர் இறந்தார்கள். அடுத்த வருடம் வெளியான விசாரணை அறிக்கைகள், வீடு கட்டுவோர் பதிவுக் குழுவான என்.எச்.பி.ஆர்.சி.யில் அந்தக் கட்டடம் பதிவானதிலேயே முறைகேடு இருந்தது என்றன. கட்டுமான இடத்தின் பாதுகாப்பு ஆலோசகர் கவலை தெரிவித்துவிட்டு விலகியே போயிருந்தார். அவர் விலகியது மேலே உள்ள கட்டுப்பாட்டு அமைப்புக்கு உடனே போய்ச் சேர்ந்து, வேலை அன்றே நின்றிருந்தால் அந்த 34 குடும்பங்களுக்கு இன்று வேறு வாழ்க்கை. கட்டட விதிச் சட்டத்தை வர்த்தகத் துறையிடமிருந்து பொதுப்பணித் துறைக்கு மாற்றுவதாகப் பிறகு அறிவித்தார்கள். துறை மாறுவது நல்லதுதான், ஆனால் பரிசோதகருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள், யார் மாற்றல் போடுகிறார்கள் என்பது மாறாவிட்டால் பலகை மட்டும்தான் மாறும்.

அதே டொங்காட்டில்தான் 2022 ஏப்ரல் வெள்ளமும் அடித்தது. மாகாணம் முழுக்க நானூறுக்கும் மேல் உயிர் போனது, தமிழ்ப் புத்தாண்டுக்கு முந்தின நாட்கள் அவை. டொங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அந்த வருடப் புரட்டாசி விரதத்துக்கும் ஜனங்கள் வாளியோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார்கள். அவசர காலத்தில் வழக்கமான டெண்டர் முறையை விட்டு விலகிப் பணம் செலவழிக்கச் சட்டத்திலேயே இடம் உண்டு, அது வேண்டியதும்தான். ஆனால் பணம் கசியும் ஓட்டையும் அதுதான். இந்த முறை தணிக்கையாளர் ஒரு நல்ல காரியம் செய்தார். வருடக் கடைசி வரை காத்திருக்காமல், பணம் போகும்போதே கூடவே கணக்குப் பார்த்து, நிவாரண வேலை எவ்வளவு மந்தமாக நடக்கிறது என்பதை அந்த வருடமே எழுதி வெளியிட்டார். கோவிட் நிதிக்கும் 2020-ல் இப்படித்தான் செய்தார்கள். பணம் முழுக்கப் போய் முடிவதற்கு முன்னாலேயே சுதந்திரமான ஒரு கண் இருக்க முடியும் என்பதற்கு இது நம் நாட்டிலேயே இருக்கிற அத்தாட்சி.

பபிதா தியோகரன் பெயரைச் சொல்லாமல் இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. கௌடெங் சுகாதாரத் துறையில் நிதிக் கணக்கு அதிகாரி. டெம்பிசா மருத்துவமனையின் பணப் பட்டுவாடாக்களில் சந்தேகம் கண்டு, நிறுத்தி விசாரிக்கச் சொன்னவர். 2021 ஆகஸ்ட் 23 அன்று, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தவரை வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கொலையில் ஈடுபட்ட ஆறு பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்கள். அந்த மருத்துவமனையில் 200 கோடி ராண்டுக்கு மேல் சூறையாடப்பட்டது என்று எஸ்.ஐ.யூ. 2025-ல் சொன்னது. அவர் தணிக்கையாளர் இல்லை, மக்கள் பாதுகாவலரும் இல்லை. கையெழுத்துப் போடுகிற பக்கத்தில் உட்கார்ந்து, போட மாட்டேன் என்று சொன்ன அதிகாரி. 9-ஆம் அத்தியாயத்தின் எந்தக் கவசமும் அவருக்கு இல்லை.

2024 ஜூலையில் ஜனாதிபதி கையெழுத்திட்ட பொதுக் கொள்முதல் சட்டம், டெண்டர்களைக் கண்காணிக்க ஒரு ஒழுங்குமுறை அமைப்பையும் புகார்களைக் கேட்க ஒரு தீர்ப்பாயத்தையும் உண்டாக்குகிறது. ஸோண்டோ கேட்டது அரசாங்கத்துக்கு வெளியே நிற்கிற அமைப்பு. சட்டம் கொடுத்திருப்பது தேசியக் கருவூலத்துக்கு உள்ளேயே, நிதியமைச்சருக்குக் கீழே இருக்கிற ஒன்று. இன்றைய நிதியமைச்சர் நல்லவராகவே இருக்கட்டும். அடுத்தவர் யார் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பதவிக்கும் 60 சதவீத ஓட்டு, ஒரே பதவிக்காலம் என்ற விதியைக் கொண்டுவந்தால்தான் என் மனதுக்கு நிம்மதி.

உள்ளூரில் அதைவிடச் சீக்கிரம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2018-ல் தேசிய அரசு வழக்குரைஞர் தலைவர் பதவிக்கு, முன்பு நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் அரசு வழக்குரைஞர்களுக்குத் தலைமை தாங்கிய ஷமிலா பட்டோஹி தேர்வானபோது, ஜனாதிபதி தானாக ஒரு குழுவைப் போட்டு நேர்காணல் வைத்தார். மூடிய அறையில் நடக்க இருந்ததை நீதிமன்றம் பத்திரிகைகளுக்குத் திறக்க வைத்தது. நகர மேலாளர் பதவியை நாடு முழுவதும் விளம்பரம் செய்ய வேண்டும் என்று சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. நேர்காணலை டர்பன் சிட்டி ஹாலில் எல்லோரும் பார்க்க நடத்துவதற்கோ, தேர்வுக் குழுவில் கட்சிக்காரர் அல்லாத ஒரு பட்டயக் கணக்காளரையும் பதிவு பெற்ற ஒரு பொறியாளரையும் உட்கார வைப்பதற்கோ, ஏன் இவர் என்று எழுத்தில் காரணம் வெளியிடுவதற்கோ புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை, கவுன்சிலுக்கு மனது இருந்தால் போதும். கடந்த உள்ளாட்சித் தேர்தல் 2021 நவம்பர் 1 அன்று நடந்தது, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை இந்த வாய்ப்பு வருகிறது. வார்டு கூட்டத்துக்கு வருகிற வேட்பாளரிடம் ரோட்டுக் குழியையும் தெரு விளக்கையும் கேட்பதோடு, நகர மேலாளரை எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள், நேர்காணலைத் திறந்து வைப்பீர்களா என்பதையும் கேட்டு, சொல்கிற பதிலை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.